பாலியஸ்டர் வந்ததால் தேசியக்கொடியின் மதிப்பு குறைந்ததா?

சென்னிமலைக்காரன்:
சுதந்திர தினத்துக்கு மறுநாள் திருப்பூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் சாக்கடை ஓரம் கிடந்த கொடிகளைப் பொறுக்கி எடுத்தேன். எல்லாமே பாலியஸ்டர். ஒன்றில் சக்கரம் நடுவில் இல்லை, பச்சைக்குள் பாதி இறங்கியிருந்தது. ஓரம் மடித்துத் தைக்கவில்லை, வெட்டிய வாக்கில் நூல் பிரிந்து தொங்கியது. பனியனில் இப்படிப் பிரிண்ட் விழுந்தால் செக்கிங்கிலேயே செகண்ட்ஸ் என்று ஒதுக்கிவிடுவோம். கொடியை மட்டும் அப்படியே விற்றுவிடுகிறார்கள். 2021 டிசம்பர் வரை கொடி என்றால் கையால் நூற்று, கையால் நெய்த துணிதான். விதியைத் திருத்தி மிஷினுக்கும் பாலியஸ்டருக்கும் வழிவிட்டார்கள், மரியாதை அன்றே போய்விட்டது. எங்கள் சென்னிமலையில் பிறந்த குமரன் கொடியைப் பிடித்தபடி அடி வாங்கி உயிரை விட்ட ஊர் இது. அந்த ஊரிலேயே இப்படி நடப்பதுதான் எனக்கு ஆறவில்லை.

பவர்டேபிள்:
அண்ணா, உங்கள் கோபம் நியாயம்தானுங்க. ஆனால் துணி என்ன பாவம் செய்தது? 2022 ஆகஸ்ட்டில் வீட்டுக்கு வீடு கொடி என்று அறிவித்தபோது எங்களைப் போன்ற ஜாப் ஒர்க் யூனிட்டுகளுக்கும் வேலை வந்தது. தைத்த அக்காமார் ஆளுக்கு ஒன்று வீட்டுக்குக் கொண்டுபோய்க் கட்டினார்கள். கதர்க்கொடி விலைக்கு அவர்கள் வாங்கியிருக்க முடியாது. முன்பெல்லாம் சாதாரண ஆள் நினைத்த நாளில் கொடி ஏற்றவே முடியாது. தொழிலதிபர் நவீன் ஜிண்டால் வழக்குப் போட்டு, 2004-ல் உச்ச நீதிமன்றம் அது குடிமக்களின் உரிமை என்று சொல்லும் நிலை வந்தது. எட்ட முடியாத உயரத்தில் வைத்துக் கும்பிடுவதைவிட என் வாசலில் பறப்பதுதான் எனக்குப் பெரிது.

சென்னிமலைக்காரன்:
வாசலில் பறக்கட்டும் தம்பி, நான் தடுக்கவில்லை. 16-ஆம் தேதி அது எங்கே போகிறது? பழசானால் முழுக்கொடியாக, தனியிடத்தில், மரியாதையோடு அழிக்க வேண்டும், எரிப்பதே நல்லது என்று கொடி விதி சொல்கிறது. கதர் எரிந்தால் சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிச் சொட்டும். விற்கிற கடைக்காரர் இதைச் சொல்லியா விற்கிறார்? 1971-ஆம் வருஷச் சட்டப்படி கொடியை அவமதித்தால் மூன்று வருஷம் வரை சிறை. நாலு பேர் மேல் கேஸ் போட்டால் தானாக பயம் வரும்.

ஈரோடு டீச்சர்:
பயத்தில் வருவது மரியாதை இல்லைங்க. சினிமா தியேட்டரில் தேசிய கீதம் கட்டாயம் என்று 2016 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது. எழுந்து நிற்காதவர்களை அடித்த செய்திகள் வந்தன. 2018 ஜனவரியில் அதே நீதிமன்றம் கட்டாயம் இல்லை என்று மாற்றிக்கொண்டது. அதற்கெல்லாம் முன்பே கேரளப் பள்ளியில் மூன்று பிள்ளைகள் எழுந்து நின்றார்கள், ஆனால் மத நம்பிக்கையால் பாடவில்லை. பள்ளியை விட்டு நீக்கியது தவறு என்று 1986-ல் தீர்ப்பு வந்தது. குமரனைச் சொன்னீர்கள். 1932 ஜனவரியில் அவர் பிடித்த கொடியில் இருந்தது ராட்டை. அசோகச் சக்கரம் 1947-ல்தான் வந்தது. அன்றைய சட்டமும் போலீஸ் தடியும் அவருக்கு எதிர்ப்பக்கம் நின்றன. யாருக்கும் பயப்படாமல் பிடித்த கொடி அது. அவர் பெயரைச் சொல்லி எப்படிங்க கேஸ் போடச் சொல்கிறீர்கள்?

நொய்யல் கரை:
துணியையும் சட்டத்தையும் பேசிவிட்டீர்கள், ஆட்களை விட்டுவிட்டீர்கள். ஆகஸ்ட் 15 அன்று எங்கள் கம்பெனியில் ஒடிசா, பீகார் பையன்களும் நாங்களும் ஒரே வரிசையில் நின்று கீதம் பாடினோம். அந்த வாரமே ஒடிசாப் பையன் ஒருவனுக்கு வீடு கேட்டு லைன் வீடுகளில் அலைந்தேன். வேலை பார்க்கிற கெட்டிக்காரப் பையன், ஊரிலிருந்து பெண்டாட்டி பிள்ளையைக் கூட்டி வர ஆசை. “இந்திக்காரங்களுக்குத் தர்றதில்லைங்க” என்றுதான் எல்லா இடத்திலும் பதில். அவன் தாய்மொழி ஒடியா, அதைக்கூட யாரும் கேட்கவில்லை. அப்படிச் சொன்ன ஒரு வீட்டு வாசலில் கதர்க்கொடி கட்டியிருந்தது. நாம் பாடுகிற கீதத்தில் திராவிடத்துக்கு அடுத்தபடி வருவது உத்கலம், இந்தப் பையனுடைய ஒடிசா. ஒரே நாடு என்று நெஞ்சில் கொடி குத்திக்கொண்டு அந்த நாட்டுக்காரனுக்கு ஒரு வீடு தராமல் இருப்பதுதான் எனக்குப் பெரிய அவமதிப்பாகப் படுகிறது.

பவர்டேபிள்:
வீட்டுக்காரர்களையே குறை சொல்லக் கூடாதுங்க. ஒருவர் பேரில் எடுத்து எட்டுப் பேர் தங்குகிறார்கள், தண்ணீருக்குச் சண்டை வருகிறது. ஆனால் குடும்பத்தோடு வருகிறவனுக்கும் இல்லை என்பது சரியில்லைதான்.

சென்னிமலைக்காரன்:
வாடகைப் பிரச்சினை வேறு, கொடி வேறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டால் இரண்டுமே தீராது. நான் கேட்பது சின்ன விஷயம்: சக்கரம் விலகிய கொடியை விற்கக் கூடாது, விற்ற கடையே பழைய கொடியைத் திரும்ப வாங்கி முறையாக எரிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கடை கடையாகப் போய்ப் பேசப் போகிறேன். யார் வருகிறீர்கள்?

நொய்யல் கரை:
கடைக்காரர்களிடம் பேச நான் வருகிறேன் அண்ணா. எனக்கு அந்தக் கதர்க்கொடி வீட்டுக்காரரிடம் இன்னொரு தரம் பேச வேண்டும். நீங்கள் கூட வருவீர்களா?