புதுப்பிப்பு: மேக்கப்போடு தூங்கி முகமெல்லாம் பொரிந்த அக்கா

முந்தைய பதிவைப் பார்க்காதவர்களுக்கு: தம்பி கல்யாணத்தில் இணைச்சீர் (எங்கள் கொங்குப் பக்கம் மாப்பிள்ளைக்கு அக்கா தங்கை செய்யும் சடங்கு) செய்த அக்கா, விடிகாலை முகூர்த்தத்துக்கு மறுபடியும் யார் போடுவது என்று மேக்கப்பைக் கலைக்காமலே மண்டபத்தில் படுத்துவிட்டாள், இந்த சீசன் முழுக்க ஒவ்வொரு விசேஷத்துக்கும் இதே கதைதான், அப்புறம் தாடையெல்லாம் பரு, இமையோரத்தில் கட்டி, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேன்.

ஈரோட்டில் தோல் டாக்டரைப் பார்த்தாச்சுங்க. ஃபவுண்டேஷனோடு வியர்வை, தூசி, முகத்து எண்ணெய் எல்லாம் சேர்ந்து துளைகளை அடைத்ததால் வந்த பருக்களாம். இமையோரத்திலும் எண்ணெய்ச் சுரப்பிகள் உண்டு, மஸ்காரா போய் அடைத்தால் கட்டிதான். வெதுவெதுப்பாக ஒத்தடம் கொடுக்கச் சொன்னார், பிதுக்கவே கூடாது.

சோப்பு போதாதா என்றவர்களுக்கு: வாட்டர்ப்ரூஃப் மேக்கப் தண்ணீருக்கு மசியாது, எண்ணெய்ப்பசை உள்ள கிளென்சிங் பாம் (மேக்கப் கலைக்கும் களிம்பு) தடவிக் கரைத்துவிட்டு, பிறகுதான் ஃபேஸ்வாஷ். கண்ணில் ரிமூவர் நனைத்த பஞ்சைக் கொஞ்ச நேரம் வைத்து எடுக்கணும், தேய்க்கக் கூடாது. தேங்காய் எண்ணெய்? மேக்கப்பை நன்றாகவே எடுக்கும், ஆனால் பரு வருகிற முகத்தில் அதுவே துளையை அடைக்கும், அதனால் எங்களுக்கு வேண்டாம்.

இப்போது பரு அடங்கிவிட்டது, இமைக்கட்டி பாதி வற்றியிருக்கிறது. மஸ்காராவுக்கு மட்டும் இன்னும் தடை.