ஸ்நாப் நின்ற நவம்பர்: பேன்ட்ரி வரிசையில் பார்த்ததில் மனசை விட்டுப் போகாத ஒன்றைச் சொல்லுங்க (ஒவ்வொரு பதிவுக்கும் மேல இருக்கிறது எழுதினவரோட புனைபெயர்)

சனிக்கிழமை ஷிப்ட்
2025 நவம்பர் முதல் வாரம். இ.பி.டி. அட்டையில் ஏன் பணம் ஏறலைன்னு இங்க எல்லாருக்கும் தெரியும், நேரா விஷயத்துக்கு வரேன். பையை வாங்கின அம்மா ஒருத்தர் ஓரமா நின்னு ஒவ்வொரு டின்னோட மூடியையும் விரலால தடவிப் பார்த்தாங்க. இழுத்துத் திறக்கிற வளையம் இருந்த ரெண்டை எடுத்துக்கிட்டு, மீதி ஏழு டின்னையும் மேசையிலயே வெச்சுட்டாங்க. மோட்டல்ல குடும்பம். டின் ஓப்பனர் கிடையாது, அடுப்பு கிடையாது, மைக்ரோவேவ் மட்டும்தான்.

அதனால ரெண்டு வகைப் பை கட்டுங்க. அடுப்பு இருக்கிறவங்களுக்கு அரிசி, உலர்ந்த பீன்ஸ், மாவு, எண்ணெய். இல்லாதவங்களுக்கு வளையம் வெச்ச டின், பீநட் பட்டர், ஓட்ஸ், வெளியில வெச்சாலும் கெடாத பெட்டிப் பால். கேட்க வேண்டியது ஒண்ணே ஒண்ணு: “எதுல சமைப்பீங்க?”

ஃபார்முலா மேசை
ஒரு அப்பா கையில 8 அவுன்ஸ் பால் பாட்டில். உள்ள இருந்தது பால் நிறத்துலயே இல்லை, அரிசி களைஞ்ச தண்ணி மாதிரி இருந்துச்சு. ஃபார்முலா, அதாவது குழந்தைக்கான பால் பொடி டின்னுல 2 அவுன்ஸ் தண்ணிக்கு 1 ஸ்பூன்னு போட்டிருக்கு. நாலு ஸ்பூன் போட வேண்டிய இடத்துல ரெண்டு போட்டு, டின்னை மாசக் கடைசி வரைக்கும் இழுக்கப் பார்த்திருக்கார். குழந்தை மேல இருக்கிற கவலையிலதான் செஞ்சிருக்கார், ஆனா இது ஆபத்து. தண்ணி கூடினா குழந்தை ரத்தத்துல சோடியம் இறங்கி வலிப்பு வரைக்கும் போகும்.

அவருக்குத் தெரியாத இன்னொண்ணு: தாய்மார்களுக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் உணவு கொடுக்கிற விக் திட்டம் வேற, ஸ்நாப் வேற. கர்ப்பிணிகள், குழந்தை பெத்தவங்க, 5 வயசுக்குள்ள பிள்ளைங்க இருக்கிற வீடுகள் விக் அலுவலகத்துல தனியா விண்ணப்பிக்கணும், ஃபார்முலா அதுலயே வரும்.

பேன்ட்ரில இருக்கிறவங்க கவனிங்க. மத்த டின்கள்ல இருக்கிற ‘பெஸ்ட் பை’ தேதி ருசி, தரம் பத்தினது. ஃபார்முலாவோட ‘யூஸ் பை’ தேதி அப்படியில்ல. தாண்டிருச்சுன்னா யாருக்கும் கொடுக்காதீங்க. பொடியைப் பிரிச்சு ஜிப் பைகள்ல போட்டும் கொடுக்காதீங்க. எந்தத் தொகுதியில தயாரிச்சதுன்னு காட்டுற லாட் எண் போயிடும், திரும்பப் பெறுறதா அறிவிப்பு வந்தா எது எங்க போச்சுன்னு கண்டுபிடிக்க முடியாது.

மூன்றாம் அலமாரி
சனிக்கிழமை ஷிப்ட் சொல்ற ரெண்டு பை முறையில எனக்கு உடன்பாடு இல்ல. பையை நாமே கட்டினா மேசையில திரும்ப வர்ற டின் குறையாது. பெரியவர் ஒருத்தர் சூப் டின்னைக் கண்ணுக்குப் பக்கத்துல வெச்சு சோடியம் எவ்வளவுன்னு படிச்சுட்டுத் திருப்பி அடுக்கினார், லேபிள் முன்பக்கம் தெரியற மாதிரி. டயாலிசிஸ்ல இருக்கிறவர். அவருக்கு உப்பும் ஆகாது, பீன்ஸ்லயும் தக்காளிலயும் இருக்கிற பொட்டாசியமும் ஆகாது. “எதுல சமைப்பீங்க”ங்கிற கேள்வியில இதெல்லாம் எங்க வரும்?

அலமாரியில வெச்சு அவங்களையே எடுக்க விடுங்க. ‘புரதம்: 4 பேர் வீட்டுக்கு 6’ மாதிரி வகைக்கு ஒரு எண்ணிக்கை எழுதி ஒட்டினாப் போதும்.

சனிக்கிழமை ஷிப்ட்
வரிசை வாசலைத் தாண்டி நிக்கிற அன்னிக்கு அலமாரி முறை எடுபடாது அக்கா, ஆளாளுக்கு பத்து நிமிஷம் ஆகும். கூட்டம் குறைஞ்ச நாள்ல நீங்க சொல்றது சரி.

கல்லாப் பக்கம்
கடைக் கல்லாவுல ஒரு பையன் முட்டை, ரொட்டி எல்லாத்தையும் திருப்பி வெச்சான். அக்டோபர்ல மிச்சமிருந்த பணமும் போயிருச்சுன்னு நினைச்சிருக்கான். போகலை. பழைய பாக்கி அட்டையிலயேதான் இருக்கும், அட்டைக்குப் பின்னால இருக்கிற எண்ணைக் கூப்பிட்டா எவ்வளவுன்னு சொல்லும்.

யாரும் கேட்கல, ஆனாலும் சொல்லிடறேன். “உங்க ஸ்நாப் பணத்தை விடுவிக்கிறோம், பின் எண் அனுப்புங்க”ன்னு வர்ற குறுஞ்செய்தி அத்தனையும் மோசடி. வரிசையில நிக்கிற ஒவ்வொருத்தர்கிட்டயும் வாயால சொல்லுங்க, நோட்டீஸ் ஒட்டினா யாரும் படிக்கிறதில்ல. எங்க போறதுன்னு தெரியாதவங்களை, உள்ளூர்ல கிடைக்கிற உதவிகளைச் சொல்ற 211 எண்ணுக்கு போன் பண்ணச் சொல்லுங்க.

கடை வெச்சிருக்கிறவங்க ஸ்நாப் அட்டைக்காரங்களுக்கு மட்டும்னு தள்ளுபடி போடாதீங்க. நல்ல எண்ணம்தான், ஆனா எல்லா வாடிக்கையாளரையும் ஒரே மாதிரி நடத்தணும்னு ஸ்நாப் விதியே இருக்கு, ஸ்நாப் அட்டையை வாங்கிக்கிற உரிமத்துக்குச் சிக்கல் வரும். எல்லாருக்குமாப் போடுங்க, இல்ல சரக்கை பேன்ட்ரிக்கு அனுப்புங்க.

50 பவுண்டு அரிசி மூட்டை வந்தா 2 பவுண்டுப் பையாப் பிரிக்கும்போது கையுறை போட்டு, பை மேல பேரும் பிரிச்ச தேதியும் எழுதுங்க. தையல்ல நசுங்கின டின், உப்பின டின் ரெண்டையும் யோசிக்காமக் குப்பையில போடுங்க.

நவம்பர் 12ல அரசாங்க முடக்கம் முடிஞ்சதும் சிலர் மேசையைச் சுருட்டிட்டாங்க, அது தப்பு. சாப்பாட்டுக்காக வாங்கின கடன் அப்படியேதான் நிக்குது. டிசம்பர் முழுக்க மேசையைப் போட்டு வைங்க.

நாலாம் நம்பர் டயபர்
இவ்வளவு எழுதினீங்க, டயபரை விட்டுட்டீங்களே அண்ணா. டயபர், சோப்பு, நாப்கின் எதையும் ஸ்நாப் பணத்துல எப்பவுமே வாங்க முடியாது. கைக்காசு சாப்பாட்டுக்குப் போயிட்டா முதல்ல நிக்கிறது இதுதான். பாட்டி ஒருத்தர் உணவுப் பையைத் தொடவே இல்ல. “நாலாம் நம்பர் இருக்கா”ன்னு மட்டும் கேட்டாங்க. பிரிச்ச கட்டுல மிச்சம் அஞ்சு இருந்துச்சு. ஒவ்வொண்ணா எண்ணி மடியில அடுக்கிக்கிட்டாங்க.