பயற்றில் நீலப் புள்ளி கண்டவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

செம்மண்:
பயற்றுக்குள் வெளி ஜீன் ஏற்ற ஆறு மாதம் மல்லுக்கட்டிய பிறகு நடந்தது இது. கூடவே ஒரு நீல ஜீனையும் ஏற்றுவோம், அது வேலை செய்யும் இடம் சாயத்தில் நீலமாகும். வித்திலைக் கணுவைக் கீறி, ஜீனைச் செடிக்குள் கடத்தும் அக்ரோபற்றீரியம் என்ற பற்றீரியாவில் ஊறவைத்து, மூன்று நாள் இருட்டில் வைத்த துண்டங்கள். ஐந்தை மட்டும் சாயத்தில் போட்டு 37 பாகையில் இரவு முழுக்க விட்டேன். மறுநாள் அற்ககோலுக்கு மாற்றி, பின்னேரம் பார்த்தால், பச்சை கழன்று எல்லாம் அவித்த பயறு மாதிரி வெளிறிக் கிடந்தன. ஒன்றின் வெட்டு வாயில் மட்டும், குண்டூசித் தலை அளவில், நீலம். வெள்ளை வேட்டிக்குப் போடும் நீலத்தை விரலால் தொட்டு வைத்தது போல. எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்து மேசை அக்கா நுணுக்குக்காட்டியில் கண்ணை வைத்து நீண்ட நேரம் பார்த்தா. "தம்பி, இது செடியின்ர நீலமோ, பற்றீரியாவின்ர நீலமோ?" என்று கேட்டா. என்னிடம் பதில் இல்லை. சாயத்தில் போட்ட கணு செத்துவிட்டது, அதிலிருந்து இனி ஒன்றும் முளைக்காது. மற்றத் துண்டங்களில் இரண்டு துளிர்த்தன. ஜீன் ஏறாததைக் கழிக்கப் போடும் கனமைசின் மருந்தில் இரண்டும் வெளுத்துப் போயின. நான்கு வருடமாகியும் அந்தப் புள்ளி கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

கோண்டாவில் அக்கா:
எனக்கு நீலமே வரவில்லை. 2022 பங்குனிக் கடைசி, 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாத நாட்கள். பயற்றுத் துண்டங்கள் இருந்த கிண்ணங்களைப் பிஸ்கற் ரின்னில் அடுக்கி வீட்டுக்குக் கொண்டுவந்து, ரின்னை மண்பானைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, சுற்றி ஈரச்சாக்குப் போட்டேன். இரவு இரண்டு மணிக்கு ரோர்ச் அடித்து வெப்பமானியைப் பார்த்தேன். 31. அந்த எண்ணைத்தான் மறக்க முடியவில்லை. இந்தப் பற்றீரியா அந்த வெக்கையில் சாகாது, நன்றாகவே வளரும். ஆனால் ஜீனைச் செடிக்குள் கடத்துகிற குழாயைச் சரியாகக் கட்டாது. 22 முதல் 25 பாகைக்குள் வைத்திருந்தால் வந்திருக்குமோ, என் கைதான் பிழையோ, இன்றைக்கும் தெரியாது.

கொப்பிக்காரன்:
செம்மண், அந்த அக்கா கேட்டது மிகச் சரியான கேள்வி. நானும் ஒருமுறை நீலத்தைக் காட்டி எல்லோருக்கும் ரீ வாங்கிக் கொடுத்து, அடுத்த கிழமை தலை குனிந்தவன். ஜீனைச் சுமக்கும் DNA வளையமான பிளாஸ்மிட் சிலவற்றில் உள்ள நீல ஜீனைப் பற்றீரியாவே வாசித்து நீலம் காட்டிவிடும். அதற்குத்தான் ஜீனின் நடுவில் இன்ட்ரோன் என்ற இடைத்துண்டைச் செருகியதைப் பாவிக்க வேண்டும். உருளைக்கிழங்கு ஜீன் ஒன்றிலிருந்து எடுத்த இன்ட்ரோன் அதற்குப் பெயர்போனது. செடியால் அதை வெட்டி நீக்க முடியும், பற்றீரியாவால் முடியாது. ஆகவே நீலம் வந்தால் அது செடியின் வேலை. அடுத்தது கனமைசின். அவரை, பயற்றுச் சாதிகள் அதை ஓரளவு தாங்கும், ஜீன் ஏறாத துளிரும் தப்பி நிற்கும். அளவை முதலில் வெறும் துண்டங்களில் பார்த்துக்கொள்ளுங்கள். ஜீன் இருக்கிறதா என்று பார்க்கும் பீசீஆர் சோதனையில் கோடு வந்தாலும் ஆட வேண்டாம், இலைக்குள் ஒளிந்திருக்கும் பற்றீரியாவும் கோடு தரும். பற்றீரியாவைக் கொல்லும் செபோடக்சிம் மருந்து போட்டாலும் அது முழுக்கப் போகாது. ஜீன் கடத்த உதவும் பற்றீரியாவின் வீர் ஜீனுக்கும் ஒரு பீசீஆர் ஓட்டுங்கள். அது செடிக்குள் போகாது, பற்றீரியாவிலேயே தங்கும். அங்கே கோடு வந்தால் பற்றீரியா இன்னும் இருக்கிறது. கடைசியில் விதை எடுத்து, அடுத்த தலைமுறையில் நான்கில் மூன்று பங்குக்கு ஜீன் வருகிறதா என்று எண்ணுங்கள். அதுவரை யாருக்கும் ரீ வாங்கிக் கொடுக்க வேண்டாம்.

உரும்பிராய்த் தோட்டம்:
கொப்பிக்காரன் அண்ணை, அவர் கேட்காததையெல்லாம் சொல்லிவிட்டீர்கள். அந்தப் புள்ளியைக் கண்ட சந்தோசம் பொய்யில்லையே!

என் கதை வேறு. மண்ணில் இருக்கிற ஒரு பற்றீரியா தன் ஜீனைச் செடிக்குள் வைக்கும், அதைக்கொண்டுதான் நாங்கள் ஜீன் ஏற்றுகிறோம் என்று அப்பாவுக்கு விளங்கப்படுத்தினேன். அவர் பேசாமல் போய் ஒரு பயற்றஞ்செடியைப் பிடுங்கி, வேர் முடிச்சை நகத்தால் பிளந்து காட்டினார். உள்ளே இளஞ்சிவப்பு. "இதுவோ?" என்றார். இல்லை அப்பா, அது றைசோபியம், நைதரசன் பிடிப்பது, நான் சொல்வது தண்டடியில் கழலை வைப்பது என்றேன். நாங்கள் சாப்பிடுகிற வத்தாளங்கிழங்குக்குள் அந்தக் குடும்பத்து ஜீன் மனிதன் கை படாமலே இருக்கிறது, 2015இல் கண்டுபிடித்தார்கள் என்றும் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு, மஞ்சள் தேமல் பிடித்த வரிசையைக் காட்டி, "அப்ப இதுக்கு எப்ப விதை தருவாய்?" என்றார். பிரேசிலில் பொன் தேமலைத் தாங்கும், ஜீன் ஏற்றிய அவரைக்கு 2011இல் அனுமதி கிடைத்தது, நைஜீரியாவில் காய்துளைப்பானைத் தாங்கும், ஜீன் ஏற்றிய கௌபிக்கு 2019இல் கிடைத்தது. இரண்டையும் சொன்னேன். அவர் பார்த்துக்கொண்டிருந்தது எங்கள் வரிசையை. அந்த வருடம் அதைப் பிடுங்கி எரித்தோம்.

செம்மண்:
கொப்பிக்காரன் அண்ணை, கோபமில்லை. உங்கள் பதிலைப் பார்த்துவிட்டுப் பழைய கொப்பியைத் தேடி எடுத்தேன். பிளாஸ்மிட் படம் கையால் கீறி ஒட்டியிருக்கிறது. நீல ஜீனுக்குள் இன்ட்ரோன் இல்லை.