சார்ஜ் போட்டபடி போனைத் தொட்டால் சுர்ரென்கிறது, கோளாறு சார்ஜரிலா போனிலா?

கேள்வி (திருச்சி மகன்):
வணக்கம். அம்மா தன் சார்ஜரை ஊரிலேயே விட்டுவிட்டு வந்ததால் ஆன்லைனில் 179 ரூபாய்க்கு ஒன்று வாங்கினேன். 33 வாட் என்று போட்டிருந்தது, பெட்டியில் கம்பெனி பெயர் இல்லை, சீனாவில் செய்தது என்று மட்டும் இருக்கிறது. மூன்று வாரமாக, சார்ஜ் ஏறும்போது போனின் ஓரத் தகட்டில் கை பட்டால் சுர்ரென்று இழுக்கிறது, திரையும் யாரும் தொடாமலே ஓடி யாருக்காவது கால் போய்விடுகிறது. பிளக்கைப் பிடுங்கினால் சரியாகிவிடுகிறது. டெஸ்டர் வைத்தேன், லேசாக எரிந்தது. அம்மா சார்ஜ் போட்டபடியே அக்காவிடம் மணிக்கணக்கில் பேசுவார், அதுதான் பயமாக இருக்கிறது.

பதில் (சர்வீஸ் கடை):
தம்பி, முதலில் அதைக் கழற்றிவிடுங்கள், மீதியை அப்புறம் படிக்கலாம்.

டெஸ்டர் எரிவதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. இரண்டு பின் சார்ஜரில் எர்த் கிடையாது, நல்ல சார்ஜரிலும் 230 வோல்ட் பக்கத்துக்கும் போன் பக்கத்துக்கும் நடுவில் ஒரு சின்னக் கெபாசிட்டர் (மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் பாகம்) இருக்கும், அதன் வழியாக மிகக் கொஞ்சம் கசிந்து குறுகுறுக்கும். ஆனால் அங்கே இருக்க வேண்டியது ‘ஒய்’ வகை, பழுதானாலும் ஷார்ட் ஆகாதபடி செய்தது. மலிவு சார்ஜர்களைப் பிரித்தால் சிலவற்றில் அந்த இடத்தில் சாதாரணக் கெபாசிட்டர்தான் இருக்கிறது. அது ஷார்ட் ஆனால் வீட்டுக் கரண்ட் நேராகப் போனுக்கு வரும், அதைக் காதில் வைத்திருப்பது அம்மா. திரை தானாக ஓடுவதற்கும் பெரும்பாலும் சார்ஜர்தான் காரணம், மின் இரைச்சலை வடிகட்டும் ஃபில்டர் பாகங்களைப் போடாமல் காசை மிச்சம் பிடித்திருப்பார்கள்.

பதில் (கோவை அக்கா):
சார்ஜரின் மேல் ஐ.எஸ். 13252 என்ற இந்தியத் தர எண்ணும், R- போட்டு எட்டு இலக்க எண்ணும் இருக்கிறதா பாருங்கள். இந்தியாவில் விற்கும் போன் சார்ஜருக்கு பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு கட்டாயம், அந்தப் பதிவு எண்தான் இது. எண் இருந்தாலும் நம்பிவிடாதீர்கள், அடுத்தவர் எண்ணை அச்சடிப்பவர்களும் உண்டு. ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் போட்டுப் பார்த்து, வருகிற கம்பெனி பெயரும் பொருளும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். சி.இ. என்ற எழுத்து மட்டும் இருந்தால் அது ஐரோப்பிய முத்திரை, இங்கே செல்லாது.

கேட்டவர்:
சி.இ. மட்டும்தான் இருக்கிறது அக்கா. பக்கத்து வீட்டு ஒரிஜினல் சார்ஜரை வாங்கிப் போட்டுப் பார்த்தேன், திரை அசையவில்லை, சுர்ரென்பதும் இல்லை. திருப்பிக் கொடுக்கும் கெடு முடிந்துவிட்டது என்கிறார்கள்.

பதில் (கோவை அக்கா):
தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு அழைத்துப் புகார் பதிவு செய்யுங்கள். 2020 இ-காமர்ஸ் விதிகளின்படி விற்பவர் பெயரும் முகவரியும் தளத்தில் இருக்க வேண்டும். பில், பெட்டி, சார்ஜர் மூன்றையும் படம் எடுத்து வையுங்கள்.

பதில் (சர்வீஸ் கடை):
போன மாதம் இதே மாதிரி சார்ஜர் போட்ட ஒரு போன் கடைக்கு வந்தது, சார்ஜ் ஏற்றத்தைக் கவனிக்கும் சிப் (சார்ஜிங் ஐ.சி.) போயிருந்தது, 1,400 ரூபாய் ஆனது. உங்களுக்குப் போனாவது தப்பித்தது. புகார் முடிந்ததும் அதன் பின்னை உடைத்துவிட்டு மின்கழிவில் போடுங்கள், முழுதாகப் போட்டால் யாராவது எடுத்து மாட்டுவார்கள்.

கேட்டவர்:
சரி அண்ணா. கேபிளையாவது வைத்துக்கொள்ளலாமே என்று அம்மா கேட்கிறார்.

பதில் (சர்வீஸ் கடை):
நல்ல சார்ஜரில் மாட்டிப் பத்து நிமிடம் கழித்து இரண்டு முனையையும் தொட்டுப் பாருங்கள். சூடு தெரிந்தால் அதுவும் வேண்டாம்.