மல்டிப்ளை லேயருக்குக் கீழே ஒன்றுமே இல்லாவிட்டால் என்ன தெரியணும்?

கோட்டுக்காரன்
ரெண்டு நாளா மண்டை காயுது. பேப்பர்ல மையால வரைஞ்சு ஸ்கேன் பண்ணின படம். மேல கோட்டு லேயர், மல்டிப்ளை மோட். அதுக்குக் கீழ வண்ண லேயர், உருவத்துக்குள்ள மட்டும் அடிச்சது. அடியில வெள்ளை பேக்கிரவுண்ட். எல்லாம் ஒழுங்கா இருந்துச்சு. பின்னணி இல்லாத பிஎன்ஜி வேணும்னு அடி லேயரோட கண் ஐகானை அணைச்சேன். ஃபோட்டோஷாப்ல உருவத்தைச் சுத்தி ஸ்கேன் பேப்பரோட வெள்ளை திரும்ப வந்து உக்காந்துக்கிச்சு. அதே லேயர்களை ஜிம்ப் 2.10-ல அடுக்கிப் பார்த்தேன். வெள்ளை வரல, ஆனா வண்ணத்தைத் தாண்டி நீட்டிக்கிட்டிருந்த முடி நுனி எல்லாம் காணாமப் போச்சு. எது சரி?

அடுக்குமாடி
ஜிம்ப்தான் சரி. மல்டிப்ளைன்னா மேல் நிறத்தையும் கீழ் நிறத்தையும் பெருக்கல் (கருப்பு 0, வெள்ளை 1). பெருக்க ரெண்டு எண் வேணும். கீழ ஆளே இல்லாத இடத்துல எதோட பெருக்குவீங்க? வெள்ளை மறையணும்னுதானே எல்லாரும் அந்த மோடையே போடுறோம். மறைய வேண்டியது திரும்ப வந்து நிக்குதுன்னா அது பிழை.

மைப்புட்டி
பிழை இல்லை நண்பரே, எழுதி வைத்த விதி. ஒளிபுகும் இடத்துக்கு நிறமே கிடையாது. அதைக் கருப்பு என்று எடுத்தால் எல்லாம் கருப்பாகும், வெள்ளை என்று எடுத்தால் அதுவும் நாமாகக் கற்பித்துக்கொண்டதுதான். ஆகவே கீழே எவ்வளவு நிறைந்திருக்கிறதோ அந்தப் பங்குக்கு மட்டும் பெருக்கு, மீதிப் பங்குக்கு மேல் நிறத்தை அப்படியே விடு என்று வைத்திருக்கிறார்கள். 2001-இல் வந்த பிடிஎஃப் 1.4-இலும் இதே கணக்குதான், உலாவிகள் பின்பற்றும் டபிள்யூ3சி (இணையத் தர அமைப்பு) விதியிலும் இதே கணக்குதான். க்ரிட்டா என்ற ஓவிய மென்பொருளும் இப்படித்தான் நடக்கிறது. வரைந்தவன் போட்ட கோட்டை மென்பொருள் தின்றுவிடுவதை எப்படிச் சரி என்கிறீர்கள்? வெள்ளை வந்தால் கண்ணில் படும், திருத்தலாம். முடி நுனி போனது அச்சாகி வந்த பிறகுதான் தெரியும்.

அடுக்குமாடி
கோடு போனதுக்கு நானும் வருத்தப்படுறேன். ஆனா உங்க விதியை மெல்லிய ஓரத்துல வச்சுப் பாருங்க. சாஃப்ட் பிரஷ்ல அடிச்ச வண்ணம், ஓரத்துல ஆல்ஃபா (பிக்சல் எவ்வளவு நிறைஞ்சிருக்குங்கிற அளவு, 0-ன்னா வெறுமை, 1-ன்னா முழுசு) 0.4. மேல ஸ்கேன் வெள்ளை. உங்க கணக்குப்படி அந்தப் பிக்சல்ல 0.4 பங்கு வண்ணம், 0.6 பங்கு வெள்ளை, மொத்த ஆல்ஃபா 1. அதாவது உருவத்தைச் சுத்தி வெள்ளைத் திட்டு. ஜிம்ப் கணக்குல ஆல்ஃபா 0.4-லயே நிக்கும், நிறமும் மாறாது. எது சுத்தம்?

மைப்புட்டி
அந்த ஓரத்தில் உங்கள் வழி சுத்தம், ஒப்புக்கொள்கிறேன். முடி நுனியில்?

பழைய பிக்சல்
இரண்டு பேரும் பிளெண்ட் மோடிடம் (மேல், கீழ் நிறங்களைக் கலக்கும் முறை) அதற்குத் தெரியாத கேள்வியைக் கேட்கிறீர்கள். 1984-இல் தாமஸ் போர்ட்டரும் டாம் டஃபும் எழுதிய கட்டுரையில் இருக்கும் படத்தை நினைவுபடுத்துங்கள். ஒரு பிக்சலில் மேல் லேயர் 0.5 பங்கையும் கீழ் லேயர் 0.4 பங்கையும் மூடியிருந்தால், அந்தப் பிக்சல் நான்கு துண்டாகப் பிரிகிறது. இரண்டும் இருக்கும் துண்டு 0.2, மேலது மட்டும் 0.3, கீழது மட்டும் 0.2, ஒன்றுமில்லாதது 0.3.

மல்டிப்ளை, ஸ்கிரீன், டிஃபரன்ஸ் எதுவானாலும் அதற்கு வேலை அந்த முதல் துண்டில் மட்டும்தான். மேலது மட்டும் இருக்கும் துண்டை வைத்துக்கொள்வதா, எறிவதா என்பது வேறு முடிவு. ஜிம்ப் 2.10 இதை காம்போசிட் மோட் என்று தனியாகவே பிரித்து வைத்திருக்கிறது. மேற்சொன்ன பிக்சலில் யூனியன் (ஏதாவது ஒன்று இருக்கும் இடமெல்லாம்) போட்டால் ஆல்ஃபா 0.7, கிளிப் டு பேக்டிராப் (கீழது இருக்கும் இடம் மட்டும்) என்றால் 0.4, கிளிப் டு லேயர் (மேலது இருக்கும் இடம் மட்டும்) என்றால் 0.5, இன்டர்செக்ஷன் (இரண்டும் இருக்கும் இடம் மட்டும்) என்றால் 0.2. ஆட்டோவில் விட்டால் நார்மலுக்கு யூனியன், மல்டிப்ளைக்கு கிளிப் டு பேக்டிராப். கோட்டுக்காரன், நீங்கள் கோட்டு லேயரில் வலது கிளிக் செய்து யூனியன் வைத்தால் ஜிம்ப்பிலும் அதே வெள்ளை வரும்.

மைப்புட்டி
தெரியும். ஆனால் வலது கிளிக்கில் புதைந்திருப்பதை எத்தனை பேர் திறந்து பார்க்கிறார்கள்? வண்ணத்தை அடர்த்தியாக்கும் மோடில் கோடு தானாக அழியும் என்று யாருமே எதிர்பார்க்க மாட்டார்கள். ஆட்டோ என்பது யூனியனாகத்தான் இருக்க வேண்டும்.

அடுக்குமாடி
எதிர்பார்க்கிறவன் நான் ஒருத்தன் இருக்கேனே. நிழல் லேயரை மல்டிப்ளைல போட்டு உருவத்து மேல தாராளமா இழுத்து அடிப்பேன். வெளிய சிந்தினது தானா வெட்டுப்படும். உங்க வழியில ஒவ்வொரு நிழலுக்கும் கிளிப்பிங் மாஸ்க் (கீழ் லேயர் எல்லைக்குள்ள மட்டும் காட்டுற வெட்டு) போட்டுக்கிட்டு உக்காரணும்.

குரூப்பு
குறுக்கே வர்றதுக்கு மன்னிக்கணும். ஃபோட்டோஷாப்ல பேக்கிரவுண்டை அணைக்காமலே இந்த வெள்ளையைப் பார்த்திருக்கேன். கோட்டையும் வண்ணத்தையும் ஒரு குரூப்ல போட்டு, குரூப் மோடை பாஸ் த்ரூல இருந்து நார்மலுக்கு மாத்தினா போதும். குரூப் உள்ளேயே தனியாக் கணக்கு முடிஞ்சு வரும், வெளிய இருக்கிற பேக்கிரவுண்ட் அதுக்குத் தெரியாது.

பழைய பிக்சல்
சரியாகச் சொன்னீர்கள், அதே நோய்தான். கோட்டுக்காரனுக்கு நேரான மருந்து வேறு. உங்கள் சிக்கல் மோடில் இல்லை, பேப்பரின் வெள்ளையும் லேயரில் நிறமாக உட்கார்ந்திருப்பதில்தான். ஜிம்ப்பில் கலர் டு ஆல்ஃபா போட்டு வெள்ளையைத் தேர்ந்தெடுங்கள். வெள்ளை ஒளிபுகும், மை மட்டும் மிஞ்சும். பிறகு மோடை நார்மலாக்குங்கள். கருப்பு மைக்கு இதுவும் மல்டிப்ளையும் ஒரே விடை. சாம்பல் 0.3 என்றால் மல்டிப்ளை கீழ் நிறத்தை 0.3-ஆல் பெருக்கும். இங்கே 0.7 ஆல்ஃபா உள்ள கருப்பு, கீழ் நிறத்தில் 0.3 பங்கை விட்டுவைக்கும். (நிற எண்களை எந்த அளவுகோலில் கணக்கிடுவது என்று சொல்லும் பிளெண்ட் ஸ்பேஸ், காம்போசிட் ஸ்பேஸ் இரண்டும் பர்செப்சுவலில் இருக்கட்டும். இல்லாவிட்டால் ஓரச் சாம்பல் கொஞ்சம் விலகும்.)

கோட்டுக்காரன்
போட்டேன். முடி நுனி திரும்ப வந்துடுச்சு, வெள்ளையும் போச்சு! ஆனா கரும்பச்சைச் சட்டை மேல இளஞ்சிவப்பு பென்சில்ல ஒரு பூ போட்டிருந்தேன், அது இப்ப பளிச்சுனு எரியுது. மல்டிப்ளைல அடங்கித் தெரிஞ்சுது.

மைப்புட்டி
எரியத்தான் செய்யும். மல்டிப்ளை மூன்று நிறத் தடத்தையும் தனித்தனியே வடிகட்டுகிறது. ஆல்ஃபாவோ ஒரே எண். உங்கள் பென்சில் நிறம் சிவப்பு 1.0, பச்சை 0.6, நீலம் 0.7 என்று வையுங்கள். கலர் டு ஆல்ஃபா அதை 0.4 ஆல்ஃபா உள்ள அடர்சிவப்பாக மாற்றும். சட்டையின் சிவப்புத் தடம் 0.1 என்றால் மல்டிப்ளையில் 0.1-ஆகவே இருக்கும், நார்மலில் 0.46-க்கு ஏறிவிடும். பிஎன்ஜியில் பிளெண்ட் மோடைச் சேமிக்க வழியே இல்லை என்பதால், வெட்டவெளியில் நிற்கும் நிற நிழலுக்கு எந்த மென்பொருளிலும் இதே தலைவலி. பூவை மட்டும் தனி லேயராக வெட்டி மல்டிப்ளையில் விடுங்கள்.

கோட்டுக்காரன்
பூ தனி லேயர், மல்டிப்ளை, ஜிம்ப் ஆட்டோ. மீதிக் கோடு நார்மல். பிஎன்ஜி எடுத்தாச்சு, நன்றி.

அடுக்குமாடி
கடைசியில பூவுக்கு என் வழிதானே வேலை செஞ்சது?

மைப்புட்டி
பூ முழுக்கச் சட்டைக்குள்ளேதான் இருக்கிறது. அங்கே கீழ் ஆல்ஃபா 1. யூனியன் போட்டிருந்தாலும் அதே பூதான்.