அபியின் குதிகால்: எங்கள் வீட்டுக் குழுவில் இரண்டு வாரம்

வெள்ளிக்கிழமை, இரவு 8:40

ஷீபா: லிசி மைனி, ஆஸ்பத்திரி ட்யூட்டி முடிந்து வந்துவிட்டீர்களா? அபிக்கு மூன்று வாரமாகக் குதிகால் வலி. பந்து விளையாடிவிட்டு வந்தால் குதிகாலை ஊன்றாமல் நுனிக்காலில் நடக்கிறான். காலையில் எழுந்தால் ஒன்றும் இல்லை, சாயங்காலம் மறுபடி ஆரம்பம். கோச் இவன் சோம்பிச் சடவு காட்டுகிறான் என்று நினைக்கிறார்.

ராஜன்: நாங்களும் இந்தக் கடற்கரையில் வெறுங்காலோடு ஓடியவர்கள்தானே. இரண்டு நாள் படுத்தால் சரியாகிவிடும்.

அம்மச்சி: மக்ளே, நொம்பலம் இருக்குமென்றால் வைத்திய ஆசானிடம் கொண்டு போ. முறிவெண்ணெய் போட்டு உழிந்து விடுவார். (அம்மா சொல்லச் சொல்ல ரோசி எழுதுகிறேன்.)

ஷீபா: நேற்று ஒரு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள் மைனி. குதிகால் எலும்பின் பின்பக்கம் துண்டு துண்டாகத் தெரிகிறது என்றார்கள். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு வெப்ராளம். அவன் அப்பாவும் கடலில். யாரிடம் கேட்பேன்?

லிசி: ஷீபா, பயப்படாதே. முதலில் நான்கு கேள்விகள். கீழே விழுந்தானா, காலை மடக்கினானா? காய்ச்சல் உண்டா? குதிகால் சிவந்து வீங்கி இருக்கிறதா? இரவில் தூக்கத்தில் வலித்து எழுகிறானா?

ஷீபா: நான்கும் இல்லை.

லிசி: சரி. அவனைக் கட்டிலில் உட்கார வை. உன் உள்ளங்கைகளால் குதிகாலின் இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பைய அமுக்கிப் பார். அடியில் அல்ல, பக்கவாட்டில்.

ஷீபா: "ஆ" என்று காலை இழுத்துக்கொண்டான். வலது காலில்தான் அதிகம், இடதிலும் கொஞ்சம் இருக்கிறது. அங்கேதான் வலிக்கிறது என்கிறான்.

லிசி: அவனுக்குப் பதினொன்று முடிந்ததல்லவா? ஜூனில் தைத்த யூனிஃபார்ம் பேன்ட் இப்போது கணுக்காலுக்கு மேலே நிற்கிறதா?

ஷீபா: ஆமாம், போன மாதம் தையலைப் பிரித்து இறக்கிவிட்டேன்!

லிசி: விஷயம் அங்கேதான் இருக்கிறது. இந்த வயதில் குதிகால் எலும்பின் பின்பக்கம் இன்னும் குருத்தெலும்பாக, வளர்கிற பகுதியாகவே இருக்கும். கெண்டைக்கால் தசையிலிருந்து வருகிற தடித்த நாண் சரியாக அந்த இடத்தில்தான் வந்து பிடித்திருக்கிறது. பையன் சட்டென்று உயரும்போது எலும்பு முந்திக்கொள்கிறது, தசை பிந்திவிடுகிறது. படகு விலகுகிறது, வடம் நீளவில்லை என்றால் கரையில் அடித்த குற்றிதானே இழுபடும்? அதேதான். அந்த இழுப்போடு தினமும் ஓட்டமும் குதிப்பும் சேர்ந்தால் அந்த இடம் புண்பட்டு வலிக்கும். எட்டு வயதிலிருந்து பதினான்கு வரை, ஓடியாடுகிற பிள்ளைகளுக்கு இது நிறைய வருகிறது. பெண்பிள்ளைகளுக்குக் கொஞ்சம் முந்தியே வரும்.

ராஜன்: அப்போ எக்ஸ்ரேயில் தெரிந்த துண்டுகள்?

லிசி: வளர்கிற பிள்ளைகளுக்கு, வலியே இல்லாத காலிலும் அந்த இடம் துண்டு துண்டாகத் தெரிவது உண்டு. பிறகு தானாகச் சேர்ந்துவிடும். அதை மட்டும் வைத்து எலும்பு உடைந்தது என்று சொல்ல முடியாது. சீவர் என்ற அமெரிக்க டாக்டர் 1912-ல் இதைப் பற்றி எழுதினார், அதனால் சீவர்ஸ் டிசீஸ் என்று பெயர். பெயரைக் கேட்டுப் பெரிய நோய் என்று எண்ண வேண்டாம். ஆனாலும் நான் போனில் சொல்வதோடு நிற்காதே. திங்கட்கிழமை ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜில் எலும்பு டாக்டரிடம் எக்ஸ்ரேயோடு காட்டிவிடு.

அம்மச்சி: ஆசானிடம் போக வேண்டாமா?

லிசி: அம்மா, கெண்டைக்காலில் எண்ணெய் போட்டு இதமாகத் தடவலாம், அவனுக்குச் சுகமாக இருக்கும். குதிகாலைப் பிடித்து அழுத்தி உழிய மட்டும் வேண்டாம். புண்பட்டிருக்கிற இடமே அதுதான்.

ராஜன்: ஸ்டட் பூட் போட்டுத்தான் விளையாடுகிறான். அது பாதுகாப்புதானே?

லிசி: அந்த பூட்டில் குதிகால் பக்கம் மெல்லிசு, உயரமும் இல்லை. கெட்டித் தரையில் ஓடினால் முழு அடியும் குதிகாலில்தான் விழும். மணலிலும் குதிகால் புதைந்து நாண் கூடுதலாக இழுபடும் ராஜன், அதனால் மணல் நல்லது என்று இப்போது அங்கே ஓட விடாதே. பயிற்சிக்குச் சாதாரண ஸ்போர்ட்ஸ் ஷூ போதும். உள்ளே குதிகால் பேட் வைக்க வேண்டும். வீட்டில் டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு நடக்காமல் மெத்தென்ற செருப்பு போடட்டும்.

ஞாயிறு, காலை 7:15

ஷீபா: விளையாட்டையே நிறுத்த வேண்டுமா மைனி? நேற்று இரவு அதைக் கேட்டு அழுதான்.

லிசி: முழுதாக நிறுத்த வேண்டாம். நொண்டினால் அன்று அவ்வளவுதான், வெளியே வந்துவிட வேண்டும். லேசாக வலித்து மறுநாள் காலைக்குள் போய்விட்டால் அந்த அளவு விளையாடலாம். வாரம் ஆறு நாள் என்பதை மூன்றாக்கு. மற்ற நாளில் சைக்கிள் ஓட்டட்டும். விளையாடி வந்ததும் ஐஸைத் துவர்த்துத் துண்டில் சுற்றிப் பதினைந்து நிமிடம் வை. வெறும் ஐஸைத் தோலில் வைக்காதே.

அப்புறம் முக்கியமானது ஒன்று. சுவரில் இரண்டு கையையும் ஊன்றி, ஒரு காலை முன்னால், ஒரு காலைப் பின்னால் வைக்கச் சொல். பின்காலின் குதிகால் தரையை விட்டு எழும்பக் கூடாது, முட்டி நேராக இருக்க வேண்டும். கெண்டைக்கால் இழுபடுவது தெரியும். அப்படியே முப்பது எண்ணட்டும். காலுக்கு மூன்று தடவை, தினமும் காலையும் மாலையும். குதிகாலில் வலித்தால் விட்டுவிடலாம், இரண்டு நாள் கழித்துத் தொடரலாம். எங்களிடம் வருகிற பிள்ளைகளில் இதை விடாமல் செய்கிறவர்களுக்கு நல்ல மாற்றம் பார்க்கிறேன்.

ராஜன்: கோச்சிடம் நான் பேசுகிறேன். அவன் சடவு காட்டவில்லை என்று அவருக்குத் தெரிய வேண்டும். நானும் அப்படி நினைத்தேனே, அதுதான் எனக்குச் சங்கடம். அவனிடமும் சொல்லிவிடுகிறேன்.

திங்கள், மதியம் 1:05

ஷீபா: காட்டியாயிற்று. நீங்கள் சொன்னதேதான் மைனி. எலும்பு நன்றாக இருக்கிறது. ஊசி எதுவும் வேண்டாம், மாத்திரை வலி அதிகமானால் மட்டும். சில வாரமோ சில மாதமோ ஆகலாம், பெரிய வளர்த்தி வரும்போது திரும்பவும் எட்டிப் பார்க்கலாம், பதினைந்து வயதை ஒட்டி அந்த எலும்பு சேர்ந்துவிட்டால் பிறகு வராது என்றார்.

அம்மச்சி: கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

அடுத்த வாரம் வியாழன், இரவு 9:30

அந்தோணி: கொச்சியில் கரை பிடித்துவிட்டோம். ரேஞ்ச் கிடைத்ததும் எல்லாவற்றையும் இருந்து வாசித்தேன் அக்கா. பிள்ளை எப்படி இருக்கிறான்?

ஷீபா: நேற்று அரை மணி நேரம் விளையாடினான், நொண்டவில்லை. சுவர்ப் பயிற்சிக்கு அவனே கூப்பிடுகிறான், அம்மச்சி பக்கத்தில் உட்கார்ந்து முப்பது எண்ணுகிறார்கள். குதிகால் பேட்தான் இங்கே கிடைக்கவில்லை.

அந்தோணி: நாளைக்கு இங்கே வாங்குகிறேன். வலது காலுக்குத்தானே, ஒன்று போதுமா?

லிசி: இரண்டு காலுக்கும் வாங்கு தம்பி. ஒன்றில் மட்டும் வைத்தால் நடை கோணும். ஷூவும் புதிதாக வாங்கு, குதிகால் பக்கம் மெத்தென்று, பின்பக்கம் கெட்டியாகப் பிடிப்பதாக.

அந்தோணி: போன தடவை நான்காம் சைஸ்தானே எடுத்தோம்?

ஷீபா: பொறுங்கள், அவனை ஒரு தாளில் நிற்க வைத்து வரைந்து அளக்கிறேன்.

ஷீபா: ஆறு வேண்டும்.