உயிர்வடிகட்டியா, திரிகலனா?

நண்பர்களுக்கு வணக்கம். மீன் தொட்டி நீரில் சேரும் அம்மோனியாக் கழிவைப் பாக்டீரியாக்களைக் கொண்டு மாற்றும் ‘biofilter’ என்ற கலனுக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற நம் பேச்சில், நீங்கள் எழுதியவற்றை மேற்கோளாக எடுத்துப் பதில் சொல்கிறேன்.

> ‘உயிர்வடிகட்டி’ என்பதே போதும். எளிது, எல்லோருக்கும் விளங்கும்.

தவறாக விளங்குகிறது ஐயா, அதுதான் என் கவலை. வடிகட்டி என்றாலே, அதில் அழுக்குத் தங்கும், தேய்த்துக் கழுவ வேண்டும் என்று கை பழகியிருக்கிறது. நான் வேலை செய்த, ஒரே நீரைத் திரும்பத் திரும்பச் சுத்தப்படுத்திப் பயன்படுத்தும் மறுசுழற்சி மீன் பண்ணையில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் அப்படித்தான் செய்தார். அந்தக் கலனுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் வளையங்களில் பழுப்பாகப் படிந்திருந்த வழுவழுப்பைக் குளோரின் கலந்த குழாய்நீரில் வெள்ளை வெளேரென்று கழுவிவைத்தார். நான்காம் நாள், அம்மோனியாவை அளக்கும் சோதனைக் குழாயில் மஞ்சளாக இருக்க வேண்டிய நீர், அம்மோனியா மிகுந்து கரும்பச்சையாக நின்றது. மீன்கள் தீவனத்தைத் தொடவில்லை. அந்த வழுவழுப்புதான் பாக்டீரியாக்களின் குடியிருப்பு. அது மறுபடி படிந்து முழுவேகத்தில் வேலை செய்ய ஆறு வாரம் ஆயிற்று. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாம் கொடுத்த பெயர் அப்படி.

மீன் செவுள் வழியே விடும் அம்மோனியா நீரில் கரைந்துவிடும். எவ்வளவு நுண்ணிய வலையிலும் நிற்காது. பாக்டீரியாக்களில் ஒரு கூட்டம் அதை நைட்ரைட்டாக்க, இன்னொரு கூட்டம் நைட்ரேட்டாக்குகிறது. உள்ளே போன நைட்ரஜன் ஏறக்குறைய முழுதும் உருமாறி வெளியே வருகிறது. 1 கிராம் அம்மோனியா நைட்ரஜனுக்கு ஏறத்தாழ 4.6 கிராம் ஆக்சிஜனும், கால்சியம் கார்பனேட் கணக்கில் 7 கிராம் காரத்தன்மையும் இதில் செலவாகின்றன. ஆக்சிஜனைத் தின்னும் வடிகட்டி உலகில் உண்டா? எச்சத்தையும் தீவனத் துணுக்கையும் பிடிக்கும் உருளைச் சல்லடை இதற்கு முன்னாலேயே இருக்கிறது. ‘வடிகட்டி’ என்ற பெயர் அதற்குத்தான் உரியது.

இனி என் பரிந்துரை. சொற்கள் சேரும்போது எழுத்தில் நேரும் மாற்றமான புணர்ச்சி விகாரம் மூன்று என்று படித்திருக்கிறோம்: தோன்றல், திரிதல், கெடுதல். ஓரெழுத்து இன்னோர் எழுத்தாவது திரிதல். அம்மோனியா நைட்ரேட்டாவதும் அதேதான். எனவே ‘உயிர்த்திரிகலன்’ என்கிறேன். பேச்சில் ‘திரிகலன்’ என்று சுருங்கும்.

> பால் திரிந்தது என்கிறோமே, கெட்டுப்போன பொருள் வராதா?

வரும். ஆனால் பால் திரிவதும் பெரும்பாலும் பாக்டீரியாவின் வேலைதான் என்பதால் இந்த நிழல் எனக்கு உறுத்தவில்லை. ‘திரித்தல்’ என்றால்தான் புரட்டு என்ற பொருள் ஏறும்; அதைத் தவிர்க்கவே தன்வினையை எடுத்தேன்.

> ‘நுண்ணுயிர்ப் படுகை’ எப்படி?

அழகான சொல். ஆனால் இன்று பல பண்ணைகளில் வளையங்கள் காற்றோட்டத்தில் ஓயாமல் புரண்டுகொண்டே இருக்கின்றன. படுகை என்றால் படுத்துக் கிடக்க வேண்டும். அசையாத சரளைக் கல் அமைப்புக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம்.

நைட்ரேட்டை வளிமமாக்கி நீரிலிருந்து வெளியேற்றும் அடுத்த கலனுக்குத்தான் சொல் அமையவில்லை. அங்கே பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் இருக்கக் கூடாது. கரிமச் சத்து வேண்டும். இலக்கணப்படி பார்த்தால் அது ‘கெடுதல்’, நைட்ரஜன் நீரைவிட்டே மறைகிறது. ஆனால் ‘கெடுகலன்’ என்று பலகை மாட்டினால் பழுதான கலன் என்றே படிப்பார்கள். ‘நீக்குகலன்’ என்று இப்போதைக்கு எழுதிவருகிறேன். எதை நீக்குகிறது என்பது அதில் இல்லை. உங்களிடம் இதைவிட நல்ல சொல் இருந்தால் எழுதுங்கள்.